எடைமேடையில் ஒரு சோக முகம்

எங்கள் பழைய ஆபீஸ் பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதையா மறதியா தெரியாது. போன வாரம் அதில் பெரிய சண்டை. ஒருவன் விண்டோஸ்தான் உலகம் என்கிறான். இன்னொருவன் லினக்ஸ் தெரியாதவனெல்லாம் கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது என்கிறான். நடுவில் ஒரு பெண் புகுந்து, "இனிமே புரோகிராமிங் எதுக்குப் படிக்கணும்? கேட்டா ஏஐ எழுதிக் குடுக்குது லா" என்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். "எஸ்தர் அக்கா, நீங்க சொல்லுங்க. எது பெஸ்ட்?"

கட்டைவிரலால் தட்டி முடிக்கிற பதில் இல்லை இது. மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற ஊரில், என் வீட்டில், இப்போது எனக்கு நேரத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராது, சுற்றித்தான் வருவேன். நான் வேலையில் இருந்தபோதே உங்களுக்கு அது தெரியும்.

நான் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்து, மலாக்கா டவுனில் ஒரு கடைமாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மினுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கோடு. மௌஸ் கிடையாது, படம் கிடையாது. நான் எழுதிய முதல் புரோகிராம் என் பெயரைத் திரை முழுக்க எழுதியது. எங்கள் வீட்டில் நான் கடைக்குட்டி. நான் சொல்லி யாரும் எதையும் செய்ததே இல்லை. சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்த முதல் ஆள் அந்த மெஷின்தான். அப்புறம் விடுவேனா? தப்பாகச் சொன்னால் அதையும் மறுபேச்சில்லாமல் செய்துவிடும் என்பதைப் பிறகு அழுதழுது தெரிந்துகொண்டேன்.

அங்கே இங்கே வேலை பார்த்து, கடைசியில் ஒரு செம்பனை எண்ணெய்க் கம்பெனியின் மலாக்கா ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். சுற்றியிருந்த தோட்டங்களுக்கும் ஆலைக்கும் நாங்கள்தான் புரோகிராம் எழுதினோம், பழுது பார்த்தோம். பிரிவின் தலைவர் ரசாலி என்ற மலாய்க்காரர், மரியாதையாக என்சிக் ரசாலி. அவரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வியாழக்கிழமையானால் பூப்போட்ட பாத்தேக் சட்டை, கையில் எப்போதும் சொந்தக் குவளையில் பால் விடாத கோப்பி ஓ. உங்களைப் போலவே நாங்களும் அந்தக் காலத்தில் டாஸா விண்டோஸா லினக்ஸா என்று அடித்துக்கொண்டோம். அவர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே கேட்பார், முடிந்ததும் மலாயில் ஒரே கேள்விதான்: "கிராணிக்கு எது பழக்கம்?" எங்கள் புரோகிராமை வைத்து வேலை செய்கிற ஆபீஸ் குமாஸ்தாதான் கிராணி. அதோடு எங்கள் சண்டை பிசுபிசுத்துப் போகும். எனக்கு எரிச்சலாக வரும். நான் லினக்ஸுக்காக அவ்வளவு அழகாக வாதாடியிருப்பேன்.

அவரிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. முதலாவது, "தெங்கோக் டுலு." முதலில் பார். ஒரு புரோகிராமில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றாலும், அதை வைத்து வேலை செய்கிறவருக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் தடுமாறினாலும் கீபோர்டைத் தொடக்கூடாது, விளக்கம் சொல்லக்கூடாது, பெருமூச்சுகூட விடக்கூடாது. மஸ்ஜித் தானா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்ட ஆபீஸில் ஒரு வயதான கிராணிக்குப் பின்னால் முதன்முதலில் உட்கார்ந்தபோது, அந்த மனிதர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. என்சிக் ரசாலி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது கட்டளை இன்னும் கஷ்டம். எது கெட்டுப்போனாலும், "என்ன அமுக்கினீங்க?" என்று கேட்கவே கூடாது. "என்ன செய்ய நினைச்சீங்க?" என்றுதான் கேட்க வேண்டும். அதன் அருமை எனக்கு உடனே புரிந்தது. நான் தோட்டத்துப் பிள்ளை ஆயிற்றே. துரை, கிராணி, வேலை வாங்கும் மண்டோர் என்று வரிசையாகத் திட்டு வாங்கிய ஜனங்கள் நாங்கள். ஒரு பொருள் உடைந்தால் எங்கள் வாயில் முதலில் வருவது "நான் தொடவே இல்ல" என்பதுதான். அமுக்கினாயா என்று கேட்டால் அங்கே கதவு சாத்திக்கொள்ளும். அப்புறம் உண்மை வெளியே வராது.

இப்போது எடைமேடைக்கு வருகிறேன். செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரி ஆலைக்குள் நுழையும்போது முதலில் எடைமேடையில் ஏறி நிற்கும். பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும் கிராணி எடையைப் பதிந்து சீட்டு அடித்துக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம். அதற்கு நாங்கள் எழுதிய பழைய புரோகிராம் பார்க்கச் சகிக்காது. கறுப்புத் திரை, மனப்பாடம் செய்ய வேண்டிய குறியீடுகள். சாயங்காலம் கிராணி தானே ஒரு விசையைத் தட்டி அன்றைய கணக்கை மூட வேண்டும். மறந்தால் மறுநாள் காலை, நேற்றைய கணக்கு மூடவில்லை என்று பெரிய எழுத்தில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அதை எடுத்துவிட்டு, கோலாலம்பூர் கம்பெனி ஒன்றின் புது மென்பொருளைப் போட்டார்கள். கண்ணைப் பறிக்கும் நிறம், விரலால் தொடும் பெரிய பெரிய பட்டன்கள், மூலையில் சிரிக்கிற லோரி படம். விற்க வந்தவர் யூசர் ஃபிரெண்ட்லி, யூசர் ஃபிரெண்ட்லி என்று அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு வரை ஓட்டினார்.

அந்தச் சொல்லோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் படங்களும் பட்டன்களும் வராவிட்டால் கமலா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. கமலா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. பழைய கிராணி ஜொகூருக்குப் போனதும், தைரியமாக ஆபீஸுக்கு வந்து அந்த வேலையைக் கேட்டாள். படிப்பு மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நின்றிருந்தாலும் படத்தைப் பார்த்துத் தொடுகிற வேலையை ஒரே மதியத்தில் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் அரை மனசோடுதான் வைத்தார். அவர் ஈப்போ பக்கத்துத் தமிழர், நல்ல வேலைக்காரர். கோபம் மட்டும் மூக்குக்கு மேல்.

குலை அதிகம் விழும் பருவம் அது. ஒருநாள் காலையில் ஆலையிலிருந்து போன். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, லோரிகள் மெயின் ரோடு வரை நிற்கின்றன. வெட்டிய குலையைச் சீக்கிரம் ஆவியில் வேகவைக்காவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். கையால் எழுதிய சீட்டும் செல்லாது. தில்லுமுல்லு நடக்கிறது என்று கம்பெனி அதைத் தடை செய்திருந்தது. நானும் என்சிக் ரசாலியும் அவருடைய காரில் ஓடினோம்.

திரையில் ஒரு மஞ்சள் முகம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கண்ணோரம் ஒரு சொட்டுக் கண்ணீர். கீழே மலாயில், "அடடா! ஏதோ தவறு நேர்ந்துவிட்டது." அதற்கும் கீழே ஓகே என்று ஒரு பட்டன். அதைத் தொட்டால் முகம் போகும், உடனே திரும்பி வரும். அவ்வளவுதான். என்ன தவறு, எங்கே தவறு, யார் என்ன செய்ய வேண்டும், ஒன்றும் கிடையாது. பல்லில் கீரை ஒட்டியிருந்தால் சொல்கிறவள்தான் தோழி. கூட நின்று அழுதுவிட்டுப் போகிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கோலாலம்பூருக்குப் போன் போட்டால், "யூசர் ஏதாச்சும் அமுக்கியிருப்பாங்க" என்றார்கள். மேனேஜருக்கு அது போதும். டிரைவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, கமலாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்த அமுக்குன? உண்மையச் சொல்லு."

"ஒன்னும் அமுக்கல சார்."

"அமுக்காம எப்படிக் கெடும்? இந்த வேலைக்குப் படிச்ச ஆள் வேணும்னு அப்பவே சொன்னேன். கேக்கல. நாளையிலேருந்து நீ பழையபடி உதிரிக்கே போயிடு."

கமலா நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிற மாதிரி.

நான் தேடாத இடமில்லை. பதிந்த எடைகளெல்லாம் அப்படியே இருந்தன. ஒயர், பிரிண்டர், எடை காட்டும் பெட்டி எல்லாம் நன்றாக இருந்தன. மென்பொருளின் உள்ளே பார்க்கலாமென்றால் அதை எழுதியவர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். என்சிக் ரசாலி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மேனேஜரின் தோளில் மெல்லக் கை வைத்து, "வாங்க, வரிசையில எந்த லோரி குலை ரொம்பப் பழசுன்னு பார்த்துட்டு வருவோம்" என்று மலாயில் சொல்லி, அந்தக் கோபத்தை முழுசாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு கமலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளையும் உட்காரச் சொன்னேன்.

"கமலா, இத விடுங்க. நேத்து சாயங்காலம் வேல முடிச்சப்ப நீங்க என்ன செய்ய நெனச்சீங்க?"

அவள் வாசலைப் பார்த்தாள். மேனேஜர் தூரத்தில் இருந்தார்.

"சாமி கும்பிட நெனச்சேன் மிஸ்."

அப்போதுதான் திரையின் ஓரத்தைக் கவனித்தேன். காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். முந்தின நாள் ஆயுத பூசை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பம், எங்கள் வீட்டில் பூசை கிடையாது. ஆனால் தோட்டத்தில் பொரிகடலை கொடுக்கும்போது சட்டியோடு முதலில் நிற்பது நான்தான். லோரிக்கும் கத்திக்கும் பொட்டு வைத்துப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரும் ஓர் ஆயுதம் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம் மிஸ். லோரி, ஸ்பேனர், போய்லர், எல்லாம். பூச போட்டதுக்கப்புறம் ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும், தொடக் கூடாது. இதுக்கும் வெச்சேன். இதுதானே எனக்குச் சோறு போடுது? வெச்சிட்டு, கும்பிட்டு, செவுத்துல சுவிட்ச அணைச்சிட்டேன். மத்த நாள்ல அணைக்கிறதில்ல. காலையில வந்துதான் போட்டேன்." பொட்டை விரலால் காட்டினாள். "அமுக்குனியா அமுக்குனியான்னுதான் கேக்குறாங்க. நான் ஒன்னும் அமுக்கல மிஸ்."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பழைய கிராணியும் ஆண்டுதோறும் இதைத்தான் செய்திருப்பார். கணக்கைத் தன் கையால் மூடிவிட்டு அணைத்ததால் ஒன்றும் ஆகவில்லை. புது மென்பொருளோ அந்த வேலையை மனிதரிடமிருந்து வாங்கிக்கொண்டது. நீ எதுவும் செய்ய வேண்டாம், நடுராத்திரியில் நானே மூடிக்கொள்கிறேன் என்பது அதன் நட்பு. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. மின்சாரம் இல்லாத ராத்திரியில் அது எப்படி மூடும்? மூடாத கணக்கோடு புது நாளைத் தொடங்கத் தெரியாமல், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மறுபடியும் கோலாலம்பூருக்குப் போன் போட்டு, நாள் கணக்கைக் கையால் மூடுவது எப்படி என்று கேட்டேன். சரியான கேள்விக்கு உடனே பதில் வந்தது. ஒளித்து வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன், மூடினேன். சோக முகம் போய் சிரிக்கிற லோரி வந்தது. முதல் லோரி மேடையில் ஏறியபோது டிரைவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் கமலாவின் நாற்காலி இன்னும் அவளுக்கு இல்லை. மேனேஜர் அறையில், "அப்ப அவதானே அணைச்சா? யார கேட்டு அணைச்சா?" என்று அவர் மறுபடி ஆரம்பித்தார்.

என்சிக் ரசாலி குவளையைக் கீழே வைத்தார். நிஜமாகவே தெரியாதவர் மாதிரிதான் கேட்டார். "நேத்து போய்லரை அணைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஏன்?"

முந்தின நாள் கற்பூரம் கொளுத்தி, போய்லருக்குத் திருஷ்டி கழித்து, ஓய்வு கொடுத்ததே மேனேஜர்தான். போய்லருக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவர் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, "இந்தப் பருவம் முடியட்டும், பார்ப்போம்" என்றார்.

அந்தப் "பார்ப்போம்" கமலாவைத் தூங்கவிடவில்லை. எங்களையும்தான். என்சிக் ரசாலி ஒரு காரியம் செய்தார். திரையில் வரும் செய்திகளையும் பட்டன்களையுமாவது நாங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ள கோலாலம்பூர்க்காரர்களிடம் அனுமதி வாங்கினார். எழுதுவது யார் என்று நான் கேட்டதற்கு, "படிக்கப் போகிறவர்" என்றார்.

கமலா எழுதினாள். மலாயிலும் தமிழிலும். "நேற்று கணக்கு மூடவில்லை. கரண்டு இல்லாமல் இருந்திருக்கலாம். உங்கள் மேல் தப்பு இல்லை. இந்தப் பட்டனைத் தொட்டு மூடுங்கள்." அந்த மூன்றாவது வாக்கியம் எதற்கு, இடத்தை அடைக்கிறதே என்று நான் வெட்டப் பார்த்தேன்.

"அதான் மிஸ் முக்கியம்" என்றாள். "அது இல்லன்னா மீதிய யாரு படிப்பா? கை நடுங்கிக்கிட்டு இருக்கும்."

நான் படித்த எந்தப் பாடத்திலும் யூசர் ஃபிரெண்ட்லி என்பதற்கு இவ்வளவு சரியான விளக்கம் கிடையாது. அந்த வாக்கியத்தை வெட்டாமல் விட்டேன்.

அதற்கப்புறம் அவள் நிற்கவில்லை. இந்தச் செய்தி எப்போது வரும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டாள். நாங்கள் எழுதுகிற வரிகள்தான் என்றேன். காட்டச் சொன்னாள். அங்கேயிருந்து, இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்று எழுதப் பழகினாள். இங்கிலீஷ் சொற்கள் கொஞ்சந்தான், அதெல்லாம் வந்துவிடும் என்றேன். வந்தது. அவள் தட்டுத் தடுமாறும்போது நான் பேசாமல் உட்கார்ந்திருக்கப் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் சண்டைக்கு என் பதில் இதுதான். டாஸ் முரடு, ஆனால் ஒளிக்காது. விண்டோஸ் பல பேருக்குக் கதவைத் திறந்துவிட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். லினக்ஸ் எனக்குப் பிடிக்கும், பிடிக்காதவரை நான் கடிக்க மாட்டேன். வேலை செய்கிறவருக்கு என்ன நடக்கிறது என்று எது உண்மையைச் சொல்கிறதோ அது நல்லது. ஏஐ எழுதிக் கொடுக்கட்டும், நானே இப்போது சின்னச் சின்ன வேலைக்குக் கேட்டு வாங்குகிறேன், ஜோராகத்தான் எழுதுகிறது. ஆனால் அதற்கு ஆயுத பூசை என்று ஒன்று நம் ஆலையில் உண்டு என்று யார் சொல்வது? என்ன வேண்டும் என்பதை ஒன்று விடாமல் சொல்லத் தெரிவதுதான் புரோகிராமிங். அதைப் படியுங்கள். கமலாவுக்கு வந்தது உங்களுக்கு வராதா?

அடுத்த ஆண்டு ஆயுத பூசைக்கு எங்களையும் ஆலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எடைமேடையின் இரண்டு பக்கமும் வாழைமரம். போய்லர் அடங்கி, ஆலையே அமைதியாக இருந்தது. மேனேஜர் கற்பூரத் தட்டோடு ஒவ்வொரு மெஷினாக வந்து, கடைசியில் கமலாவின் அறை வாசலுக்கு வந்தார். அந்தப் "பார்ப்போம்" அப்போதும் முடிந்திருக்கவில்லை. கமலா கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தாள். பிறகு அவளே எழுதிச் சேர்த்திருந்த ஒரு பட்டனைத் தொட்டாள். அதன்மேல் "பூசை" என்று தமிழில் போட்டிருந்தது. திரை கொஞ்சம் யோசித்தது. "இன்றைய கணக்கு மூடியாச்சு. இனி அணைக்கலாம்" என்று வந்தது.

கமலா சுவரைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். கை சுவிட்சுக்குப் போகாமல் பாதியில் நின்றது. மேனேஜர் அந்தத் திரையை இரண்டு தடவை படித்தார்.

"பூசைக்குன்னு ஒரு பட்டனா?" என்றார். பிறகு தட்டைச் சுற்றி ஆரத்தி காட்டிவிட்டு, "ம், ஓய்வு குடும்மா. நாளைக்கு வந்து நீயே போடு" என்றார்.

அவள் எல்லார் முன்னாலும் சுவிட்சை அணைத்தாள்.